அத்தியாயம் 5: யாரிடம் கேட்பது? – மாதிரி எடுக்கும் முறைகள்

ஆய்வுத் தலைப்பு முடிவானதும் மாணவர்கள் வழிகாட்டியிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பேரை எடுக்கணும் சார்?" என்பதுதான். "ஒரு முந்நூறு எடுங்க" என்று அவரும் பல நேரம் சொல்லிவிடுகிறார். அந்த முந்நூறு எங்கிருந்து வந்தது என்று இருவருமே யோசிப்பதில்லை. எண்ணிக்கையைக் கடைசியாகத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு நோட்டில் விடை எழுதிக்கொள்ளுங்கள். யாரைப் பற்றிப் பேசப் போகிறேன்? அவர்கள் எல்லோரும் இருக்கும் பட்டியல் எது? அதிலிருந்து பெயர்களை எப்படி எடுப்பேன்?

அத்தியாயம் முழுக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஏதோ ஓர் ஊராட்சி ஒன்றியம். அங்குள்ள பெண்களின் கடன் சுமை உங்கள் தலைப்பு.

யாரைப் பற்றி?

"கிராமப்புறப் பெண்கள்" என்று எழுதி நிறுத்தினால் போதாது. எந்த வயதுக்கு மேல்? ஆறு மாதம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஆறு மாதம் ஊர் என்று இருப்பவர் சேர்த்தியா? மகன் வீட்டில் ஒரு மாதம், மகள் வீட்டில் ஒரு மாதம் என்று இருக்கும் முதியவரை எந்த வீட்டில் எண்ணுவீர்கள்? களத்துக்குப் போன பிறகு இந்தச் சந்தேகங்கள் வந்தால் ஒவ்வொரு கணக்கெடுப்பாளரும் ஒவ்வொரு விதமாக முடிவெடுப்பார். "கடந்த ஆறு மாதத்தில் பெரும்பாலான நாட்கள் இந்த ஒன்றியத்தில் தங்கியிருந்த, 18 வயது நிறைந்த பெண்கள்" என்பதுபோல் ஒரே வரியில் வரையறுத்துவிடுங்கள். குடும்பம் என்பதற்கு இந்திய அரசின் மாதிரி ஆய்வுகள் நெடுங்காலமாகக் கையாளும் வரையறை எளிது: வழக்கமாக ஒன்றாகத் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள். ஒரே கூரையின்கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். நீங்களும் அதையே கையாளுங்கள். பிறகு அரசின் புள்ளிவிவரத்தோடு உங்கள் முடிவை ஒப்பிட முடியும்.

இப்படி வரையறுக்கப்பட்ட எல்லோரும் சேர்ந்ததுதான் முழுமைத் தொகுதி. மாதிரி என்பது அதிலிருந்து எடுக்கும் பகுதி.

பட்டியல்

ஓர் ஆய்வின் தலைவிதி பெரும்பாலும் இங்கேதான் எழுதப்படுகிறது. ஆனால் ஆய்வேடுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

பெண்களின் கடன் என்றதும் மாணவர்கள் சுய உதவிக் குழுப் பட்டியலைத் தேடிப் போகிறார்கள். அது இயல்பு. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய குழுக்கள் இன்று எல்லா ஒன்றியங்களிலும் உள்ளன. மகளிர் திட்ட அலுவலகத்தில் பெயர்ப் பட்டியல் கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாதவர்களை நினைத்துப் பாருங்கள். தவணை கட்ட முடியாமல் குழுவைவிட்டு விலகியவர் இல்லை. "இவளைச் சேர்த்தா நம்ம தலையில விழும்" என்று ஆரம்பத்திலேயே சேர்க்கப்படாதவர் இல்லை. கடனை அடைக்க முடியாமல் ஊரைவிட்டே போனவர் இல்லை. கடன் சுமை யாரை அதிகம் அழுத்துகிறதோ அவர்களை ஒதுக்கிய பட்டியலிலிருந்து எவ்வளவு நேர்மையாகச் சீட்டுக் குலுக்கினாலும், "திருப்பிச் செலுத்துவதில் பெண்களுக்குப் பெரிய சிரமமில்லை" என்ற முடிவுதான் வரும். ஒன்று, தலைப்பை "சுய உதவிக் குழு உறுப்பினர்களின் கடன் சுமை" என்று சுருக்குங்கள்; அல்லது வேறு பட்டியல் தேடுங்கள்.

வாக்காளர் பட்டியல் எளிதில் கிடைக்கும், வீட்டு வரிசையில் இருக்கும். தேர்தல் ஆய்வுகளுக்கு லோக்நீதி அமைப்பு அதிலிருந்துதான் பெயர்களை எடுக்கிறது. வாக்களிப்பவர்களைப் பற்றிய ஆய்வுக்கு அது பொருத்தம். மற்ற ஆய்வுகளில் கவனம் வேண்டும். இறந்தவர் பெயர் நீங்காமல் இருக்கலாம், புதிதாகத் திருமணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த ஊரிலேயே இருக்கலாம். திருப்பூரில் வேலை செய்யும் ஒடிசா, பிகார் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெயர் அங்குள்ள பட்டியலில் இருக்காது. ரேஷன் அட்டைப் பட்டியலிலும் ஒரு வீட்டுக்கு இரண்டு அட்டை இருப்பதும், அட்டையே இல்லாத வீடு இருப்பதும் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 2011-க்குப் பிறகு 2021-ல் நடக்காமல் போய்விட்டது. ஊர்களின் பெயரும் பழைய வீட்டு எண்ணிக்கையும் தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவே.

அதனால் நான் பரிந்துரைப்பது, தேர்ந்தெடுத்த ஊரில் நீங்களே வீடு வீடாகப் பட்டியல் எடுப்பது. தேசியக் குடும்ப நல ஆய்வும் அப்படித்தான் செய்கிறது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது சுற்றில் சுமார் 6.37 லட்சம் குடும்பங்களைச் சந்தித்தார்கள். ஆனால் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு ஊரிலும் முதலில் எல்லா வீடுகளையும் வரைபடமிட்டுப் பட்டியலிட்டு, அதன் பிறகே 22 குடும்பங்களை எடுத்தார்கள். முந்நூறு வீடுள்ள ஊரை இருவர் இரண்டு நாளில் பட்டியலிட்டுவிடலாம். வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், எத்தனை அடுப்பு. இந்த மூன்றும் போதும்.

பட்டியல் எடுக்கும்போது ஊரின் கடைசி வரை நடந்துவிடுங்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஊர்த்தெரு ஓரிடத்திலும் ஆதிதிராவிடர் குடியிருப்பு சற்றுத் தள்ளியும் இருப்பது இன்றும் பரவலான அமைப்பு. அதற்கும் அப்பால் ஏரிக்கரையிலோ புறம்போக்கிலோ பத்து இருளர் குடிசைகள் இருக்கலாம். பேருந்திலிருந்து இறங்கி, டீக்கடையில் விசாரித்து, ஊராட்சித் தலைவர் அனுப்பிய ஆளோடு நடக்கும் கணக்கெடுப்பாளர் அங்கே போய்ச் சேர்வதே இல்லை. 1970களில் வட ஆற்காடு மாவட்ட நெல் சாகுபடி ஆய்வில் பங்கேற்ற ராபர்ட் சேம்பர்ஸ், 1983-ல் வெளியிட்ட ஊரக வளர்ச்சி நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்: வெளியிலிருந்து வருபவர்கள் தார்ச்சாலை ஓரத்தையும் மழையில்லாத மாதங்களையும் ஆண்களையும் வசதியானவர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், வறுமை அவர்கள் கண்ணில் படுவதில்லை. தள்ளி இருக்கும் வீடுகளை விட்டுவிட்ட பட்டியலில் என்ன சூத்திரம் போட்டாலும் அந்த வீடுகள் திரும்ப வரப்போவதில்லை.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் பட்டியலின் ஓட்டை சரியாகிவிடும் என்று நம்புபவர்கள் 1936 அமெரிக்கத் தேர்தலைப் படிக்க வேண்டும். லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதை வைத்து, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். தொலைபேசி வைத்திருப்பவர், கார் வைத்திருப்பவர் பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்திருந்தார்கள். பெருமந்தக் காலத்தில் அது வசதி படைத்தவர் பட்டியல். அதிலும் நான்கில் மூன்று பேர் பதிலே அனுப்பவில்லை. இன்று கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பி, "500 பதில்கள் வந்தன" என்று எழுதும் ஆய்வுகளும் அதே பள்ளத்தில்தான் நிற்கின்றன.

எடுக்கும் விதம்

பட்டியல் கையில் இருந்தால் சமவாய்ப்பு முறைகள் எல்லாம் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு இருக்க வேண்டும், அந்த வாய்ப்பு எவ்வளவு என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவ்விரண்டும்தான் சமவாய்ப்பின் அடையாளம். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதோ, தெருவில் எதிர்ப்பட்டவரைக் கேட்பதோ அது ஆகாது.

எளிய சமவாய்ப்பு முறையில் பட்டியலுக்கு எண் கொடுத்து, சமவாய்ப்பு எண் அட்டவணையோ எக்செலோ தரும் எண்களை எடுத்துக்கொள்கிறோம். சிறிய தொகுதிக்கு இதுவே போதும்.

முறைசார் எடுப்பு களத்தில் இன்னும் வசதி. 1200 பேரில் 100 பேர் வேண்டுமென்றால் இடைவெளி 12. ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து பன்னிரண்டாவது பெயர்களாகத் தாண்டிப் போகலாம். ஒரே ஆபத்து, பட்டியலின் வரிசையில் ஒளிந்திருக்கும் ஒழுங்கு. சுய உதவிக் குழுப் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவிலும் 12 பேர், ஒவ்வொன்றிலும் முதல் பெயர் ஊக்குநர், அடுத்த இரண்டும் பிரதிநிதிகள் என்று வைத்துக்கொள்வோம். தொடக்க எண் 1 என்று விழுந்தால் உங்கள் நூறு பேரும் ஊக்குநர்கள். 5 என்று விழுந்தால் ஓர் ஊக்குநர்கூட இல்லை. இரண்டுமே ஒன்றியத்தின் உண்மை நிலையைக் காட்டாது. பட்டியலைப் பெயர் அகர வரிசையில் மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

தொகுதியைப் படுகைகளாக, அதாவது உட்பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியே எடுக்கும் படுகை முறைக்குச் சற்று நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் நம் சமூகத்தில் ஆய்வு செய்பவருக்கு இது தவிர்க்க முடியாதது. ஓர் ஊரில் 1000 குடும்பங்கள்: ஊர்த்தெருவில் 850, ஆதிதிராவிடர் குடியிருப்பில் 150. நூறு பேர் எடுக்க வேண்டும். விகிதப்படி எடுத்தால் 85-ம் 15-ம். அந்தப் பதினைந்து பேரை வைத்துக் குடியிருப்பைப் பற்றித் தனியாக எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே 50-ம் 50-மாக எடுக்கிறீர்கள்; இதில் தவறில்லை, இப்படித்தான் எடுக்கவும் வேண்டும். ஊர்த்தெருவில் 50-ல் 10 பேர், அதாவது 20 சதவீதம், கந்துவட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார்கள். குடியிருப்பில் 50-ல் 30 பேர், 60 சதவீதம். இப்போது ஊர் மொத்தத்துக்கும் எத்தனை சதவீதம்?

நூறில் நாற்பது பேர், எனவே 40 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். இது பிழை. ஊர்த்தெருவிலிருந்து வந்த ஒவ்வொருவரும் 17 குடும்பங்களுக்காகப் பேசுகிறார் (850-ஐ 50-ஆல் வகுத்தால் 17). குடியிருப்பிலிருந்து வந்தவர் 3 குடும்பங்களுக்காக. அந்த எடையைக் கொடுத்துக் கணக்கிட்டால் ஊர் மொத்தத்துக்கும் 26 சதவீதம்தான். படுகைகளைத் தனித்தனியே பேசும்போது எடை வேண்டாம். சேர்த்துப் பேசும்போது எடை இல்லாமல் ஒரு சதவீதம்கூட எழுதாதீர்கள். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் தானாக இதைச் செய்யாது, நீங்கள் சொன்னால்தான் செய்யும்.

ஒன்றியம் முழுக்கப் பரவிய ஆய்வுக்குக் கொத்து முறை: முதலில் ஊர்கள், பிறகு ஊருக்குள் குடும்பங்கள். எல்லா ஊருக்கும் சம வாய்ப்புக் கொடுத்து ஒவ்வொன்றிலும் 20 குடும்பம் எடுத்தால், சிறிய ஊரின் குடும்பத்துக்கு வாய்ப்பு அதிகமாகிவிடும். அதனால் ஊரின் அளவுக்கு ஏற்ற வாய்ப்புக் கொடுக்கிறோம். ஐந்து ஊர்களில் முறையே 120, 480, 300, 60, 240 குடும்பங்கள். கூட்டிக்கொண்டே போனால் 120, 600, 900, 960, 1200. இரண்டு ஊர் வேண்டும், எனவே இடைவெளி 600. குலுக்கியதில் 217 விழுகிறது. அது 121-க்கும் 600-க்கும் நடுவில் இருப்பதால் இரண்டாவது ஊர். 217-உடன் 600 கூட்டினால் 817. அது மூன்றாவது ஊர். இரண்டிலும் 20 குடும்பம் எடுங்கள். இரண்டாவது ஊர் தேர்வாகும் வாய்ப்பு 1200-ல் 960, அதற்குள் ஒரு குடும்பத்தின் வாய்ப்பு 480-ல் 20. பெருக்கினால் முப்பதில் ஒன்று. மூன்றாவது ஊருக்கும் போட்டுப் பாருங்கள், அங்கும் முப்பதில் ஒன்றுதான். எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே வாய்ப்பு; எடை போடும் வேலையும் மிச்சம்.

இனி, சமவாய்ப்பு இல்லாத முறைகள். ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று பங்கு வைத்துவிட்டு, யாரைப் பிடிப்பது என்பதைக் கணக்கெடுப்பாளரிடமே விட்டுவிடுவது பங்கீட்டு முறை. 1948 அதிபர் தேர்தலில் ட்ரூமன் தோற்பார் என்று அமெரிக்கக் கருத்துக் கணிப்பாளர்கள் சொல்லித் தவறியதற்கு இந்த முறையும் ஒரு காரணம். ஆய்வேட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

பட்டியலே போட முடியாத மக்களும் இருக்கிறார்கள். மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்கள், கொத்தடிமையாக இருந்து மீண்டவர்கள், வெளியில் அடையாளம் சொல்லாத திருநர்கள். இங்கே ஒருவர் வழியாக இன்னொருவரை அடையும் பனிப்பந்து முறை சரியானது. இதிலிருந்து சதவீதக் கணிப்பு செய்ய 1997-ல் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் வகுத்த முறையில், அடுத்தவரை அழைத்துவர ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட சில சீட்டுகளே தரப்படும். அறிமுகம் அதிகமுள்ள ஒருவரின் வட்டமே மாதிரியை நிரப்பிவிடாமல் அது தடுக்கும். எந்த முறையானாலும், அடுத்தவரின் பெயரையும் எண்ணையும் நீங்கள் வாங்காதீர்கள். உங்கள் எண்ணைக் கொடுத்து, விருப்பமிருந்தால் அவரே அழைக்கட்டும். ஒருவருடைய மறைவான வாழ்க்கையை அவர் அனுமதி இல்லாமல் நம் குறிப்பேட்டில் ஏற்றுவதற்கு எந்த ஆய்வுக்கும் உரிமை கிடையாது.

நோக்க மாதிரி, அதாவது காரணம் சொல்லித் தேர்ந்தெடுப்பது, தன் எல்லை தெரிந்தால் மிக வலுவான முறை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கு வினாப்பட்டியலோடு அனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி போன்ற ஊர்கள் அப்படித்தான் ஆய்வுக்குள் வந்தன. அவை மாகாணத்தின் சராசரியைக் காட்டும் என்று யாரும் நிறுவ முடியாது. ஆனால் 1930களில் ஆய்வாளர்கள் தாமஸும் ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். 1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்கு மீண்டும் போனார்கள். ஒரே மண்ணில் நிலமும் கூலியும் சாதியும் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறின என்று பார்க்க இப்படி ஒரு வாய்ப்பை எந்தப் பெரிய மாதிரியும் தராது. எத்தனை சதவீதம் என்ற கேள்விக்குச் சமவாய்ப்பு. எப்படி, ஏன் என்ற கேள்விக்கு நோக்க மாதிரி. உங்கள் கேள்வி எது என்று முதலில் பாருங்கள்.

இப்போது எண்ணிக்கை

95 சதவீத நம்பிக்கையில், கூட்டியும் குறைத்தும் 5 புள்ளி பிழையோடு ஒரு சதவீதத்தைச் சொல்ல 384 பேர் வேண்டும். பிழையை 3 புள்ளியாக்க 1067. ஒன்றியத்தில் ஒரு லட்சம் பேர் இருந்தாலும் மாநிலத்தின் ஏழு கோடியும் இருந்தாலும் இந்த எண் ஏறக்குறைய மாறாது. தொகுதி சிறியதானால் குறையும்: ஆயிரம் பேருக்கு 278. ஆய்வேடுகளில் மேற்கோள் காட்டப்படும் கிரெஜ்சி–மார்கன் அட்டவணை (1970) 5 புள்ளிப் பிழைக்குத் தருவதும் இதே எண்கள்தான்.

ஆனால் அந்த எண்கள் எளிய சமவாய்ப்புக்கானவை. கொத்து முறையில் ஒரே ஊர்க்காரர்களின் விடை ஓரளவு ஒத்திருக்கும். அந்த ஒப்புமை 0.05 என்ற சிறிய அளவில் இருந்தாலே, ஊருக்கு 20 பேர் எடுக்கும்போது பிழையின் வர்க்கம் 1.95 மடங்காகிறது. நீங்கள் சந்தித்த 400 பேர் 205 பேருக்குத்தான் சமம். எனவே ஊருக்கு நிறையப் பேரைக் குறைந்த ஊர்களில் எடுப்பதைவிட, ஊருக்குப் பத்துப் பேராக நிறைய ஊர்களில் எடுங்கள். பேருந்துச் செலவு கூடும், முடிவு உறுதியாகும். உட்பிரிவையும் மறக்காதீர்கள். 400 பேரில் கணவனை இழந்தவர்கள் 40 பேர் என்றால், அவர்களைப் பற்றிய சதவீதத்தில் பிழை 15 புள்ளிக்கும் மேல்.

பூட்டிய வீடு

காலை பதினொரு மணிக்குக் கதவு தட்டினால் வேலைக்குப் போகாதவர்கள்தான் இருப்பார்கள். களையெடுப்புக்கும் கட்டட வேலைக்கும் போனவர் வீடு பூட்டியிருக்கும். உடனே பக்கத்து வீட்டில் கேட்டுப் படிவத்தை நிரப்பினால், கூலிக்குப் போகும் பெண்ணின் இடத்தில் வீட்டிலிருக்கும் பெண் வந்து உட்கார்ந்துவிடுகிறார். பட்டியலில் உள்ள வீட்டுக்கு மாலை ஆறரைக்கு மேல் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை, குறைந்தது மூன்று தடவை போங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் "சந்திக்க முடியவில்லை" என்று பதியுங்கள். மாற்று ஆள் வேண்டாம்.

வீட்டுக்குள் யார் பேசுவது என்பதும் தேர்வுதான். விட்டுவிட்டால் மாமனார் பேசுவார், மருமகள் கதவோரம் நிற்பார். அந்த வீட்டின் 18 வயது நிறைந்த பெண்களில் யாருடைய பிறந்தநாள் கடைசியாக வந்ததோ அவரிடம் கேட்பது என்று முன்கூட்டியே விதி வைத்துக்கொள்ளலாம். பிறந்த தேதி சரியாகத் தெரியாத வீடுகளில், வீட்டில் யாரைக் கேட்பது என்று காட்டும், 1949-ல் லெஸ்லி கிஷ் தந்த கட்டத்தைப் படிவத்திலேயே அச்சடித்துக்கொள்வது நல்லது.

கணக்கெடுப்பாளர்கள் இருவர் இருந்தால் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் செய்ததைச் செய்யுங்கள். 1937-லிருந்து வங்காளத்தில் சணல் பரப்பை மதிப்பிட்டபோது, ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து இரண்டு வெவ்வேறு குழுக்களிடம் கொடுத்தார். முடிவுகள் பெரிதும் விலகினால் களப்பணியில் கோளாறு என்று தெரிந்துவிடும். 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கும் இந்தப் பழக்கம் வந்தது. நீங்கள் ஒருவருக்கு வடக்கூர்களையும் மற்றவருக்குத் தென்னூர்களையும் கொடுத்தால், வித்தியாசம் ஊராலா ஆளாலா என்று சொல்லவே முடியாது. ஒவ்வோர் ஊரிலும் இருவருக்கும் பாதிப் பாதி கொடுங்கள்.

ஆய்வேட்டில் எழுதுவது

எந்தப் பட்டியல், எந்த மாதத்தையது, அதில் யார் விடுபட்டிருக்கலாம், தொடக்க எண் எது, எத்தனை வீடு தேர்வானது, எத்தனை பூட்டியிருந்தது, எத்தனை பேர் மறுத்தார்கள், எடை எப்படிக் கொடுத்தீர்கள். இதை ஒன்றரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். படிப்பவர் உங்கள் முடிவை எவ்வளவு நம்பலாம் என்று அந்த ஒன்றரைப் பக்கம்தான் சொல்லும். தெரிந்தவர்களையும் கைக்கு எட்டியவர்களையும் கேட்டிருந்தால் "வசதி மாதிரி" என்றே எழுதுங்கள். "சமவாய்ப்பு" என்ற சொல்லை அலங்காரத்துக்குச் சேர்க்காதீர்கள்.

ஆய்வேட்டை மதிப்பிடும் பேராசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வாய்மொழித் தேர்வில் "ஏன் முந்நூறு மட்டும்?" என்று கேட்பதற்கு முன் "பட்டியல் எங்கே?" என்று கேளுங்கள். வசதி மாதிரி என்று உண்மையை எழுதி, அதன் எல்லைக்குள் நின்று முடிவு சொன்ன மாணவரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.